கண்ணாடிக் குளத்துப் பாசி

நண்பர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளத்தில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. அதற்குள் பிசினில் வார்த்த கோட்டை ஒன்று, இரண்டு பாறைகள், ஒரு மரவேர், மூழ்கிய கப்பலின் பாதி. ஒன்றரை ஆண்டில் கோட்டை மதிலெங்கும் பச்சையும் கறுப்புமாகப் பாசி ஏறிவிட்டது. ஊரிலிருந்து விருந்தினர் வரவிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். வாளியில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊறப்போட்டார், தேய்த்தார், குழாயடியில் அலசினார். தண்ணீரை முழுதாக மாற்றி, வடிகட்டியின் பஞ்சையும் அதே குழாயில் பிழிந்து கழுவி, பழையபடி அடுக்கிவைத்தார். அன்று மாலை தொட்டி கடையில் இருப்பதுபோலப் பளிச்சென்று இருந்ததாம். விருந்தினர் வந்த நாளில் மீன்கள் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அந்த வாரத்திற்குள் பதினொன்றில் எட்டு செத்துப்போயின.

“அழுக்கைத்தானே எடுத்தேன்?” என்று என்னிடம் கேட்டார்.

பசலைக்குப் பாசியை உவமையாக்கிய குறுந்தொகைப் பாடலை அறிந்த வாசகருக்குப் பாசியின் பிடிவாதத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பாசி அழுக்கா என்ற கேள்விக்கு விடை தேடப் போனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடு ஆண்டுகளில் லண்டனில் வாழ்ந்த ஒரு வேதியியலாளரின் வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது.

ராபர்ட் வாரிங்டன் லண்டன் மருந்தாளர் சங்கத்தின் கூடத்தில் வேதியியல் பணி பார்த்தவர். 1841இல் லண்டன் வேதியியல் கழகம் உருவாக முன்நின்றவர்களில் ஒருவர். பச்சைத் தாவரம் வெளிச்சத்தில் காற்றைச் செப்பனிடுகிறது என்பதைப் பிரீஸ்ட்லியும் இங்கன்ஹவுசும் முந்தைய நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார்கள். நதானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் பெரணிச் செடிகள் ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ்வதை உலகுக்குக் காட்டியிருந்தார். அந்தப் பெட்டிக்குள் நீரையும் மீனையும் வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் வாரிங்டனின் கேள்வி. 1849 மே மாதம் அவர் 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணலும் கூழாங்கற்களும் இட்டு, நீர் விட்டு, நாடா போன்ற இலைகளையுடைய வாலிஸ்னேரியாச் செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். தண்ணீரை மாற்றுவதில்லை என்பது நிபந்தனை.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு செடியின் முதிர்ந்த இலைகள் அழுகின. நீர் கலங்கியது. கண்ணாடியின் உட்புறத்திலும் நீரின் மேற்பரப்பிலும் பச்சை வழுவழுப்பு படர்ந்தது. மீன்களுக்கு ஆபத்து வந்துவிட்டது என்பது தெரிந்தது. நம்மில் யாராக இருந்தாலும் கையில் ஒரு துணியை எடுத்திருப்போம். வாரிங்டன் குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து உள்ளே விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் பச்சை வழுவழுப்பையும் தின்றன. நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகளும் குஞ்சுகளும் மீன்களுக்குத் தீனியாயின. மீன், செடி, நத்தை என்ற மூன்றுக்கும் இடையில் ஓர் ஈடுகட்டல் நடப்பதாக 1850இல் வேதியியல் கழகத்தின் இதழில் எழுதினார். தொட்டிக்குள் ‘சமநிலை’ என்ற கருத்து அங்கிருந்து கிளம்பியது. அதற்குப்பின் நூறு ஆண்டுக்காலம் மீன் வளர்த்தவர்கள் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் உச்சரித்தார்கள்.

வாரிங்டன்தான் முதல் ஆள் என்று சொல்லிவிட முடியாது. 1832இலேயே சிசிலித் தீவின் மெசினாவில் ஜான் வில்பிரூ-பவர் என்ற பெண்மணி கடல்வாழ் உயிர்களை ஆராயக் கண்ணாடித் தொட்டிகள் செய்துவிட்டார். 1846இல் ஆனா தின் என்ற மற்றொரு பெண்மணி, டார்க்கே கடற்கரையிலிருந்து கற்பவளங்களை ஒரு ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்துத் துணைத் தலைவரின் மனைவி அவர். பவளங்கள் பயணத்தில் உருண்டு சேதமாகாமலிருக்க ஊசிநூலால் ஒரு கடற்பஞ்சோடு தைத்துவைத்தாராம். லண்டனில் கடல் நீருக்கு எங்கே போவது? இருந்த நீரையே திறந்த சன்னலருகே வைத்துப் பாத்திரம் மாற்றிப் பாத்திரம் ஊற்றி ஆற்றினார்கள். அதைச் செய்தவள் வீட்டு வேலைக்காரி. மறு ஆண்டு ஆனா தின் கடற்பாசிகளைத் தொட்டிக்குள் சேர்த்தார். பாசி, கடைசியில், அந்தப் பெண்ணின் கை வலியைக் குறைக்க வந்த துணை. அவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீங்கியிருந்தது. 1853 மே மாதம் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ‘மீன் இல்லம்’ திறந்தது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் வண்ணப்படங்களோடு ‘அக்வேரியம்’ என்ற நூலை வெளியிட்டார். அதற்குப்பின் அது நடுத்தர வர்க்கத்துக் கூடங்களின் வெறியாகிவிட்டது. கோஸ் கடும் சமயப் பற்றுடையவர். உருப்பெருக்கியைக் கையில் எடுத்தால் அவரைப்போல் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. கண்ணாடிமேல் ஊரும் கடல் நத்தையின் நாக்கை அவர் கவனித்து எழுதிய பகுதி இன்றும் படிக்கத் தக்கது. நத்தையின் நாக்கு நுண்ணிய பற்கள் வரிசையாகப் பதிந்த ஒரு பட்டை. ஒவ்வொரு வீச்சிலும் அது பாசிப்படலத்தில் ஒரு பிறை வடிவத் தடத்தை விட்டுச் செல்கிறது. கதிரரிவாள் வீசிப் புல் அறுப்பவன் வயலில் விட்டுச்செல்லும் வளைவுகள் அவருக்கு நினைவு வந்தன. உங்கள் வீட்டுத் தொட்டியில் நத்தை இருந்தால், பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். அந்தப் பிறைகளை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

வெறிக்கு விலையும் இருந்தது. கோஸின் நூல்களைப் படித்தவர்கள் கூடையும் சுத்தியலுமாக டெவன் கடற்கரைக்குப் படையெடுத்துப் பாறைக்குட்டைகளை வாரி எடுத்தார்கள். தந்தையின் கைபிடித்து அந்தக் குட்டைகளருகே நின்ற சிறுவன் எட்மண்ட் கோஸ், பின்னாளில் இலக்கிய விமர்சகராகி, 1907இல் ‘தந்தையும் மகனும்’ என்ற தன்வரலாற்று நூலை எழுதினார். சமயப் பிணக்கின் கதையாகவே அந்நூலைப் பெரும்பாலும் பேசுகிறோம். ஆனால் கொள்ளைபோன அந்தக் கரையைப் பற்றி அதில் அவர் எழுதியிருக்கும் பக்கம்தான் எனக்கு மறக்காமல் நிற்கிறது. தான் எதிர்பாராத அந்த அழிவுக்குத் தன் புத்தகங்களே காரணம் என்பதைத் தந்தை உணர்ந்து வருந்தினார் என்றும் மகன் எழுதுகிறார்.

கரையிலிருந்து கூடத்திற்கு வந்தவற்றில் பெரும்பகுதி சில வாரங்களில் செத்தது. அல்லது தொட்டி முழுதும் பச்சைக் கூழாகிவிட்டது. சன்னலருகே வைத்த நான்கு பக்கக் கண்ணாடித் தொட்டிக்கு வேறு கதி கிடையாது. குளத்துக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. இதற்கோ நான்கு பக்கமும். இதை முதலில் புரிந்துகொண்டவரும் வாரிங்டன்தான். முன்பக்கம் மட்டும் கண்ணாடி, பின்சுவர் சரிவு, அதன்மேல் பாறை, ஒளி மேலிருந்து மட்டும் என்று தொட்டியின் வடிவத்தையே மாற்றினார். பாறை என்ற அலங்காரம் கண்ணாடிக் குளத்துக்குள் வந்ததில் அழகுக்கு நிகராக வெளிச்சத்தை மறிக்கும் வேலையும் அதற்கு இருந்தது. இன்று பிசின் கோட்டை வாங்குகிறவர்கள் அதை அறிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த படியை எடுத்துவைத்தவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு. 1850களின் நடுவில் லண்டனில் தொட்டியும் கடல் உயிர்களும் விற்கும் கடை வைத்தவர். பின்னர் 1864இல் ஹாம்பர்க்கிலும், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் பெரும் மீன்காட்சிகளை அமைத்தார். பச்சையாகிவிட்ட நீரை இருட்டில் வைத்தால் அது தானே தெளிகிறது என்பது அவர் கண்டது. ஆகவே காட்சித் தொட்டிகளைவிடப் பல மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கம் ஒன்றைத் தரைக்கடியில் கட்டி, எந்திரத்தால் இரவும் பகலும் நீரைச் சுற்றவிட்டார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: கடற்பாசியைப் பறித்துவந்து நடவேண்டாம், வித்துகள் நீரிலேயே இருக்கின்றன, பாறைமேல் தாமாக வளர்வதே போதும். பாசியைப் பகையாகப் பார்க்காத முதல் தொழில்காரர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இருண்ட தேக்கத்தில் பாசி சாவதைத் தவிர வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அது அப்போது யாருக்குமே தெரியாது.

1849இல் தங்கமீன்களோடு வாரிங்டன் சோதனை செய்துகொண்டிருந்தபோது அவருக்குப் பத்து வயதில் ஒரு மகன் இருந்தான். அவன் பெயரும் ராபர்ட்தான். தந்தையின் தொட்டியை அவன் எத்தனையோ முறை எட்டிப் பார்த்திருப்பான். தந்தை 1867இல் இறந்தார். மகன் வேளாண் வேதியியலாளராகி, 1876இல் ராதம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு பாரிஸிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் வழியாகச் சாக்கடை நீரைச் சொட்டுச்சொட்டாக இறக்கியிருந்தார்கள். ஏறத்தாழ இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, உள்ளே போன அமோனியா மறுமுனையில் நைட்ரேட்டாக வெளிவந்தது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் வேலை நின்றது. தோட்டத்து மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. வெறும் வேதிவினை மயக்கமருந்துக்கு மயங்காது. குழாய்க்குள் இருந்தவை உயிர்கள்.

இளைய வாரிங்டன் அடுத்த பதினைந்து ஆண்டுகளை இந்த உயிர்களுக்குக் கொடுத்தார். அவை இருட்டை விரும்புகின்றன, ஒளி அவற்றுக்கு இடையூறு என்று கண்டார். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று காட்டினார்: ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1890இல் சூரிக் நகரில் வினோகிராட்ஸ்கி அதைச் செய்துவிட்டார். அறிவியல் வரலாற்றில் இரண்டாமவராக நிற்பதன் கசப்பு இளையவருக்கு இருந்திருக்க வேண்டும். அவர் ஆராய்ந்தது வயல்மண்ணைத்தான். ஆனால் தந்தையின் தொட்டியில் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் படிந்திருந்த வழுவழுப்பில் இருந்தவையும் இதே குலத்தவைதான். மீன் தன் செவுள் வழியே ஓயாது அமோனியாவை வெளியிடுகிறது. அதைக் கல்லின் மேல் ஒட்டியிருக்கும் படலம் உண்கிறது. தந்தை செடிக்கும் நத்தைக்கும் கொடுத்த பெருமையில் பாதி, அவர் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்துக்குரியது. மீதியிலும் ஒரு பகுதி கழிந்தது: 1949இல் ஜேம்ஸ் ஆட்ஸ் ‘சமநிலைத் தொட்டி’ என்பது கட்டுக்கதை என்றே ஒரு கட்டுரை எழுதினார். மீனுக்கு வேண்டிய ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகத்தான் வருகிறது என்பது அதன் சாரம்.

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. மீன்தொட்டிகளில் இரண்டாம் கட்ட வேலையைச் செய்வது பாடநூல்கள் சொல்லிவந்த இனமன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் தெரிந்தது. இரண்டு கட்டத்தையும் ஒரே உயிர் செய்துமுடிக்கும் விந்தையை 2015இல் இரு குழுக்கள் கண்டன. அவற்றில் ஒரு குழு அந்த உயிரைப் பெற்றது மீன்வளர்ப்பு நிலையம் ஒன்றின் வடிகட்டியிலிருந்து.

இப்போது நண்பரின் கேள்விக்கு வரலாம். அவர் எடுத்தது அழுக்கு மட்டுமன்று. கோட்டை, பாறை, வேர், வடிகட்டிப் பஞ்சு என்று அந்த உயிர்கள் குடியிருந்த வீடுகள் அனைத்தையும் ஒரே நாளில் குளோரினில் முக்கிவிட்டார். ஷ்லோசிங்கின் குழாயில் குளோரோபார்ம் செய்த வேலை இது. மீன்கள் மட்டும் வழக்கம்போல் அமோனியாவை வெளியிட்டுக்கொண்டிருந்தன. உண்ண ஆளில்லை. நம் ஊர் வெப்பத்திலும், உப்பும் சுண்ணாம்பும் கூடிய நிலத்தடி நீரிலும் அமோனியாவின் நஞ்சு இன்னும் கூடும். குடிநீரில் குளோரின் கலப்பதும் வாரிங்டன் காலத்தில் இல்லாத ஒன்று. அமெரிக்காவில் ஜெர்சி நகரம் 1908இல் தொடர்ந்து கலக்கத் தொடங்கியது. உலகெங்கும் மனிதர்களை வாந்திபேதியிலிருந்தும் டைபாய்டிலிருந்தும் காத்த அந்த நன்மைதான், மீன் வளர்ப்பவன் தன் குழாய்க்கே அஞ்சவேண்டிய நிலையையும் கொண்டுவந்தது. அதற்கு மாற்றாகக் கிடைத்தது புகைப்படக்காரர்களின் இருட்டறையில் இருந்த ‘ஹைப்போ’ உப்பு. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று 1819இல் ஜான் ஹெர்ஷல் கண்டிருந்தார். அதே ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த நீல அச்சு முறையில்தான் ஆனா அட்கின்ஸ் மறு ஆண்டு முதல் பிரிட்டிஷ் பாசிகளின் படத்தொகுப்பை வெளியிட்டார். புகைப்படங்களால் ஆன முதல் நூல் அது, பொருள் பாசி!

நண்பருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடக்கூடாது. இந்த வாரம் கோட்டை என்றால் பாறைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து. வடிகட்டியை அந்த நாளில் நினைக்கவே வேண்டாம். தொட்டியிலிருந்தே ஒரு வாளி நீரை எடுத்து, அதற்குள் வைத்துப் புதுப் பல்துலக்கியால் தேய்த்தால் பெரும்பாலான பாசி போய்விடும், குளோரினும் படாது. சோப்பு ஒரு துளியும் ஆகாது. கல்லைக் கொதிக்கவைக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள், உள்ளே நீர் தங்கிய கல் வெடிக்கக்கூடும் என்பதை அறியவேண்டும். கருந்தாடிபோல் படரும் பாசி, பெயருக்கு மாறாகச் செம்பாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது, எளிதில் விடாது. அப்போது மட்டும், வாசனை சேர்க்காத திரவ ப்ளீச்சை இருபதில் ஒரு பங்காக நீர்த்து, சில நிமிடம் முக்கி எடுக்கலாம். அதுவும் பிசின், கண்ணாடி, வழுவழுப்பான கல் ஆகியவற்றுக்கு மட்டுமே. மரவேரும் துளையுள்ள கல்லும் குளோரினைக் குடித்துவைத்துப் பிறகு மெல்லக் கக்கும். முக்கியதைப் பலமுறை அலசி, ஹைப்போ கரைத்த நீரில் ஊறவைத்து, வாசனை சிறிதும் இல்லாதபடி வெயிலில் உலர்த்த வேண்டும். உப்புக்கறைக்கு வினிகர் நல்லது, ஆனால் சிப்பியையும் சுண்ணாம்புக்கல்லையும் அது அரிக்கும். ப்ளீச்சும் வினிகரும் ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் எழும் குளோரின் வாயு மீனுக்கல்ல, தேய்ப்பவருக்கு ஆபத்து. வண்ணம் உரியும் பொம்மையைத் தேய்த்துப் பயனில்லை, எறிந்துவிடலாம். இவற்றையெல்லாம்விட, விளக்கை நாளுக்கு ஏழெட்டு மணி நேரத்துக்குள் நிறுத்தி, சன்னல் வெயிலை மறைத்து, தீனியைக் குறைத்தால் தேய்க்கும் வேலையே பாதியாகும். இதைத்தான் சரிவுத் தொட்டியில் வாரிங்டன் சொன்னார்.

பாசிக்கொல்லி மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. செம்புச் சல்பேட்டால் நீர்த்தேக்கப் பாசியை அழிக்கலாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த மூரும் கெல்லர்மனும் 1904இல் அறிவித்ததிலிருந்து செம்பு பல வடிவங்களில் விற்பனையில் இருக்கிறது. அது நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும். துப்புரவுப் பணியாளரைக் கொன்று தெருவைச் சுத்தப்படுத்தும் வேலை.

நத்தையின் வழியை நம் காலத்தில் தொடர்ந்தவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. 1980களில் அவர் தன் செடித் தொட்டிகளில் பாசி மேய விட்ட சிறு நன்னீர் இறால் இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே விற்கப்படுகிறது. 2015இல் அவர் இறந்தார். அதே ஆண்டில்தான் லிஸ்பன் மீன்காட்சியகத்தில் அவருடைய நாற்பது மீட்டர் நீளத் தொட்டி திறந்தது. அதே ஜப்பானில் தங்கமீன் வளர்ப்போர் பாசி கலந்த பச்சை நீரை விரும்பிக் காக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் மீனை மேலிருந்து பார்க்கிறவர்கள். கண்ணாடி தெளிவாக இருக்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

நம் கடைகளில் பாசிக்கு என்று கேட்டால் ‘டேங்க் கிளீனர்’ என்று ஒரு மீனைத் தருவார்கள். விரல் நீளத்தில் வாங்கும் அந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தி, முழங்கையளவு வளர்ந்துவிடும். வளர்ந்ததும் தொட்டி போதாது. கொல்லவும் மனம் வராது. பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறோம். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா என எங்கும் வலையில் இன்று சிக்குவது அதுதான். முள்ளும் கவசமுமாக இருக்கும் அதை யாரும் வாங்குவதில்லை. மீனவரின் வலையையும் கிழிக்கிறது. டெவன் கரையில் நடந்ததன் மறுபக்கம் இது. அங்கே கரையிலிருந்து தொட்டிக்கு வாரினார்கள். இங்கே தொட்டியிலிருந்து ஏரிக்கு ஊற்றுகிறோம். நண்பரும் அந்த மீன் ஒன்று வாங்கலாமா என்றுதான் அடுத்துக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். இப்போது அவர் தொட்டியில் மிஞ்சிய மூன்று மீன்களோடு நான்கு நத்தைகள் இருக்கின்றன. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் வாரம் ஒருமுறை துடைக்கிறார். கோட்டையின் பின்மதிலைத் தொடுவதில்லை. சென்ற வாரம் போனபோது, கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, அங்கே வரிசையாக விழுந்திருந்த பிறைகளை எனக்குக் காட்டினார்.